லியோனார்டு ஆய்லர்

உலகிற் பெருமக்கள் பலர் தோன்றி மறைந்தனர். அவருள் அரசரும் படைத்தலைவரும் தம் பெயரைக் கல்லிலும் செம்பிலும் பொறித்துச் சென்றனர். வேறு சிலரோ தம் பெயரை எவரும் நினையாவண்ணம் மாணவர்தம் ஏடுகளிலேயே மறைந்து வாழ்கின்றனர். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை நாம் பை என்னும் கிரேக்க எழுத்தாற் குறிக்கின்றோம். பல எண்களின் கூட்டுத்தொகையைச் சிக்மா என்னும் எழுத்தாற் குறிக்கின்றோம். இவ்வழக்குகளை நிலைநாட்டியவர் யாவர் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரே, சுவிட்சர்லாந்து நாட்டிற் பிறந்து, உருசிய நாட்டிலும் பிரஷ்ய நாட்டிலும் வாழ்ந்து, 1783-ஆம் ஆண்டிற் காலமான லியோனார்டு ஆய்லர் என்னும் கணிதப் பெரியார்.

அவர் இயற்றிய நூல்களும் கட்டுரைகளும் ஏறத்தாழ 860 என்று எண்ணியுள்ளனர். அவற்றையெல்லாம் ஈண்டு விரித்துரைத்தல் நம்மால் இயலாது. பல துறைகளுள் இரண்டினை மட்டும் எடுத்துக்கொள்வோம். வளையாத பொருளொன்று எங்ஙனம் சுழலும் என்பது ஒன்று. வளையுங் கோலொன்று எங்ஙனம் வளைந்து அதிரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டினையும் ஆய்லரே தெளிவுற ஆராய்ந்தார். ஆனால் வெவ்வேறு நூல்களில் ஆராய்ந்தார். அவர் மறைந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், மக்கள் வானிற் செலுத்திய செயற்கைத் துணைக்கோள்களில் அவ்விரண்டு நூல்களும் ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதனையும், அதனால் நாம் கற்கத்தக்கது யாது என்பதனையும் அவர்தம் வாழ்க்கையோடு சேர்த்து ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் நாள், ரைன் நதிக்கரையிலுள்ள பாசல் நகரிற் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த குருவானவர். அவர் அந்நகரையடுத்த ரீஹன் என்னும் சிற்றூரில் திருப்பணி ஏற்றமையால், குழந்தையின் இளமைப் பருவம் அவ்வூரிலேயே கழிந்தது. தந்தையார் தம் மாணவப் பருவத்தில் ஜேக்கப் பெர்நூலி என்னும் கணிதப் பேராசிரியரின் விரிவுரைகளைக் கேட்டவர். அவர் இல்லத்திலேயே தங்கியிருந்தவர். ஆதலின் மகனுக்கு முதற்கண் கணிதங் கற்பித்த ஆசிரியரும் அத்தந்தையாரே ஆயினர். வளையுங் கோல் எவ்வுருவங் கொள்ளும் என்பதனைக் கணித முறையால் ஆராயப் புகுந்தோருள் முன்னோடியாக நின்றவர் அந்த ஜேக்கப் பெர்நூலியே என்பதனை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். ஒரு வீட்டில் விதைத்த விதை பிறிதொரு வீட்டிற் பயிராயிற்று.

ஆய்லர் 13-ஆம் வயதிற் பாசல் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். 1723-ஆம் ஆண்டில் டேக்கார்ட், நியூட்டன் என்னும் இருவர்தம் தத்துவங்களையும் ஒப்பிட்டு உரை நிகழ்த்திப் பட்டம் பெற்றார். மகனும் தம்மைப் போலவே குருவாதல் வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். அதற்கிணங்க அவர் வேதசாஸ்திரமும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் கணிதத்தையே நாடியது. அக்காலத்து அச்சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர் ஜேக்கப்பின் தம்பியாகிய ஜோஹன் பெர்நூலி. தனியே பாடஞ் சொல்லத் தமக்கு நேரமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். ஆனால் அரிய நூல்கள் சிலவற்றைக் குறிப்பிட்டு அவற்றைத் தானே கற்குமாறு பணித்து, விளங்காத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகல்தோறும் வந்து கேட்கலாமென்று இசைந்தார். ஆய்லர் வாரம் முழுதும் முயன்று, சனிக்கிழமையன்று கேட்கவேண்டிய ஐயங்களை இயன்றவரை குறைத்துக்கொண்டே சென்றார். கற்பிப்பவர் இல்லையென்று வருந்தும் மாணவர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தல் நலம்.

சில ஆண்டுகளில் ஜோஹன் பெர்நூலியே தந்தையாரைக் கண்டு, இம்மைந்தர் கணிதத்திற்கெனப் பிறந்தவர் என்று எடுத்துரைத்து அவரை இசையச் செய்தார். குருப்பட்டம் பெறாவிடினும் ஆய்லர் தம் வாழ்நாள் முழுதும் பத்தி குன்றாதவராகவே இருந்தார்; மாலைதோறும் குடும்பத்தாரைக் கூட்டி வேதம் வாசித்து வந்தார்.

1727-ஆம் ஆண்டிற் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார், கப்பலிற் பாய்மரங்களை எவ்விடத்து நாட்டுதல் சிறந்தது என்னும் வினாவுக்குப் பரிசு அறிவித்தனர். கடலில்லா நாட்டிற் பிறந்த அவ்விளைஞர் அதற்கு விடை எழுதி இரண்டாம் நிலை பெற்றார். அதே ஆண்டிற் பாசலிற் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று வறிதாயிற்று. அதனை விரும்பி விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. வயது 20-ஐயும் எட்டாத அவர் பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டார். பின்னர் அவ்வூருக்குத் திரும்பவேயில்லை.

முதன்முறை உருசியாவில்

உருசிய நாட்டின் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்கில் மகா பீட்டர் அரசர் திட்டமிட்டுச் சென்ற விஞ்ஞானக் கழகம் அப்பொழுதுதான் தொடங்கப்பெற்றிருந்தது. ஜோஹன் பெர்நூலியின் மகனும் ஆய்லரின் நண்பருமாகிய டேனியல் பெர்நூலி அங்குப் பணியாற்றி வந்தார். அவர் முயற்சியால் ஆய்லருக்கு அழைப்பு வந்தது. ஆய்லர் அந்நகரை அடைந்த 1727-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அக்கழகத்தைப் புரந்து வந்த பேரரசி முதலாம் காதரைன் உயிர் நீத்தார். கழகம் நிலைக்குமோ என்னும் அச்சம் எழுந்தது. எனினும் அவர் தளராது பணிபுரிந்தார். 1733-ஆம் ஆண்டில் டேனியல் தாய்நாடு திரும்ப, ஆய்லர் கணிதப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டிற் காதரீனா என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்கு மக்கள் பதின்மூவர் பிறந்தனர். அவருள் ஐவரே குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்ந்தனர். மடியிற் குழந்தையும் தோளிற் பூனையுமாக அமர்ந்து அவர் அரிய கணக்குகளை எழுதுவார் என்பர்.

1736-ஆம் ஆண்டில் இயக்கவியலைப் பற்றிய அவர்தம் முதற்பெருநூல் வெளிவந்தது. 1738-ஆம் ஆண்டில் அவர் வலக்கண் ஒளியிழந்தது. நாட்டுப் படங்களை வரையும் வேலையில் கண்ணை மிகவும் வருத்தியதே காரணமென்று அவர் கருதினார். முன்னர்க் கண்ட கடுங்காய்ச்சலே காரணமென்று பின்னோர் சிலர் கருதுவர். எதுவாயினும், கவனஞ் சிதற இனி இடம் குறைந்தது என்று கொண்டு அவர் தம் பணியைத் தொடர்ந்தார்.

பெர்லினில் இயற்றிய இரண்டு நூல்கள்

1741-ஆம் ஆண்டிற் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக் அழைக்க, ஆய்லர் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கு அவர் வாழ்ந்த 25 ஆண்டுகளே, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்குச் சிறப்புடையன.

வளையுங் கோலின்கண் அடங்கியுள்ள சக்தி எவ்வுருவில் மிகக் குறைவாகுமோ அவ்வுருவையே கோல் கொள்ளும் என்று கருதிய டேனியல் பெர்நூலி, அதனை நிறுவுமாறு ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். ஆய்லர் அக்கருத்தைத் தாம் வகுத்த புதிய கணித முறையால் ஆராய்ந்து, 1744-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் இணைப்பாகச் சேர்த்தார். மீள்சக்தியுடைய கோல் கொள்ளக்கூடிய வளைவுகளை அவர் அதில் ஒன்பது வகையாகப் பிரித்தார். நெட்டுக்குத்தாக நிற்கும் தூண் எவ்வளவு பாரத்தைத் தாங்கும், எப்பொழுது வளைந்து கொடுக்கும் என்பதற்கும் விதி கண்டார். ஒருமுனை சுவரிற் பதிக்கப்பெற்று மறுமுனை தொங்கும் கோல் எத்துணை விரைவில் அதிரும் என்பதனையும் கணக்கிட்டார். கோல் நீண்டால் அதிர்வு மெதுவாகும். நீளம் இருமடங்காயின், அதிர்வெண் நான்கில் ஒருபங்காகும். இவ்விதியை நாம் பின்னர் மீண்டும் காண்போம்.

இரண்டாவது, வளையாப் பொருளின் சுழற்சி. பம்பரமும் கப்பலும் பூமியும் சுழல்வதனை அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்தும் பொதுவிதி காண இயலவில்லை. பொருள் திரும்புந்தோறும், வெளியே நிற்பவன் நோக்கில் அதன் எடைப்பரவல் மாறிக்கொண்டே இருப்பதனால் கணக்கு முடிவின்றி நீண்டது. 1758-ஆம் ஆண்டில் ஆய்லர் அதற்கோர் எளிய வழி கண்டார். அளக்கும் அச்சுக்களை வெளியே நாட்டாமல், சுழலும் பொருளின்மேலேயே நாட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முதன்மை அச்சுக்கள் உண்டு. அவற்றைக் கொண்டு எழுதினால் சுழற்சி விதி மூன்று சிறு சமன்பாடுகளில் அடங்கிவிடும். பொருள் ஓர் அச்சைச் சுற்றித் திரும்புதற்குக் காட்டும் தயக்கத்துக்கு நிலைமத் திருப்புத்திறன் என்னும் பொருள்படும் பெயரை இட்டவரும் அவரே. 1765-ஆம் ஆண்டில் இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

அச்சமன்பாடுகளிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். தயக்கம் மிகப் பெரிதாய அச்சையோ மிகச் சிறிதாய அச்சையோ சுற்றிச் சுழலும் பொருள் நிலைபெயராது சுழலும்; இடைப்பட்ட அச்சைச் சுற்றினால் தடுமாறும். நம் மாணவர் ஒரு புத்தகத்தை நூலாற் கட்டி, மூன்று வகையாகவும் சுழற்றி மேலே எறிந்து பார்ப்பாராயின் இவ்வுண்மை கண்கூடாம்.

அந்நூலின் பெயரையே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். திண்ணிய, அதாவது வளையாத, பொருள்களின் இயக்கம் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். தாம் கண்ட விதி எதற்குப் பொருந்தும் என்னும் எல்லையை நூலின் முகப்பிலேயே எழுதிவைத்தார். பிற்காலத்தார் நூலைக் கற்றனர்; முகப்பினை மறந்தனர். அதனால் விளைந்ததனைப் பின்னர்க் கூறுவோம்.

அரசரும் அறிஞரும்

ஆய்லர் எளிய உடையும் எளிய பேச்சும் உடையவர். பிரெடரிக் அரசரோ சொல்நயமும் நகைச்சுவையும் மிக்க பிரெஞ்சு அறிஞரை விரும்பியவர். கணிதத்தின் அருமை அறியாத அவ்வரசர் ஆய்லரின் ஒற்றைக்கண்ணைக் குறித்து எள்ளவும் செய்தார். கழகத்தின் தலைவர் 1759-ஆம் ஆண்டில் இறந்தபின் ஆய்லரே அதன் பணிகளை நடத்தி வந்தார். ஆயினும் தலைமைப் பதவியை அரசர் அவருக்கு அளிக்கவில்லை. பிரெஞ்சு அறிஞராகிய தலாம்பேர் என்பாரை அழைத்தார். அவரோ அப்பதவியை மறுத்து, ஆய்லரினும் தகுதியுடையார் இலர் என்று எடுத்துரைத்தார். அதன் பின்னும் அரசர் மனம் மாறவில்லை.

1766-ஆம் ஆண்டில், உருசியப் பேரரசி இரண்டாம் காதரைன் சிறப்போடு அழைக்க, ஆய்லர் குடும்பத்தோடு பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது 59.

இருளிற் செய்த பணி

திரும்பிய சில காலத்திலேயே எஞ்சிய இடக்கண்ணையும் படலம் மறைத்தது. 1771-ஆம் ஆண்டில் நகரிற் பெருந்தீப் பரவி அவர் இல்லத்தையும் பற்றியது. பாசல் நகரத்தவராகிய தொழிலாளர் ஒருவர் தீயினூடே புகுந்து, கண்ணொளி குன்றிய முதியவரைத் தோளிற் சுமந்து வெளிக்கொணர்ந்தார். கையெழுத்துப் பிரதிகளும் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டன. அதே ஆண்டிற் கண்ணுக்குச் சிகிச்சை செய்யப்பெற்றது. சில நாள் பார்வை மீண்டது, அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. புண் பழுத்துப் பார்வை மீண்டும் போயிற்று. 1773-ஆம் ஆண்டில், நாற்பதாண்டுக் காலம் உடன் வாழ்ந்த மனைவியாரும் இறந்தார்.

இத்துணைத் துன்பங்களும் ஒருங்கே வந்தால் யாவரும் ஓய்ந்திருப்பர். ஆய்லரோ முன்னினும் மிகுதியாக எழுதினார். பெரிய பலகையிற் சுண்ணக்கட்டியாற் பருவரியாகச் சமன்பாடுகளைக் குறிப்பார். எஞ்சியதை வாயாற் சொல்வார். மகனாரும் லெக்ஸல், பூஸ் முதலிய மாணவரும் எழுதிக்கொள்வர். 1775-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 50 கட்டுரைகள் இங்ஙனம் இயன்றன. வாரத்திற்கு ஒன்று என்று கொள்ளலாம். மாணவர் இருவர் ஒரு தொடரின் பல உறுப்புக்களைக் கூட்டி, 50-ஆம் தசம தானத்தில் முரண்பட்டு நிற்க, ஆய்லர் மனத்தினாலேயே முழுதும் கணக்கிட்டுப் பிழையைக் காட்டினார் என்பர். வெர்ஜில் என்னும் உரோமப் புலவரின் பெருங்காப்பியம் முழுதும் அவருக்கு மனப்பாடம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் உரிய ஓர் உண்மையையும் அவர் இவ்விருட்காலத்திலேயே கண்டார். ஒரு புள்ளி நிலைபெற்ற பொருளை எவ்வளவு தாறுமாறாகத் திருப்பிவைத்தாலும், முதல் நிலையிலிருந்து இறுதி நிலைக்கு அதனை ஒரே அச்சைச் சுற்றி ஒரே திருப்பத்தாற் கொணரலாம் என்பதே அது. வானிலுள்ள துணைக்கோளை ஒரு விண்மீனை நோக்கியிருந்து பிறிதொரு விண்மீனை நோக்கத் திருப்புவோர், எந்த அச்சைச் சுற்றி எத்துணைப் பாகை திருப்புதல் வேண்டும் என்று இன்று கணக்கிடுவது இவ்வுண்மையைக் கொண்டேயாம். கண்ணில்லாதார் வகுத்த வழியிலே கண்ணுள்ள கருவிகள் திரும்புகின்றன.

1783-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் நாள், வழக்கம்போற் பேரக்குழந்தைக்குப் பாடஞ் சொல்லி, அவ்வாண்டிற் புதிதாகப் பறக்கவிடப்பெற்ற ஆவிக்கூண்டுகள் எழும் வேகத்தைக் கணக்கிட்டு, புதிய கோளாகிய யுரேனஸின் பாதையைப் பற்றி மாணவரோடு அளவளாவினார். மாலையில் மூளையிற் குருதி கசிய நினைவிழந்து, அன்றிரவே உயிர் நீத்தார். அவர் எழுதிவைத்த கட்டுரைகளை அச்சிட்டு முடிக்கக் கழகத்தாருக்குப் பின்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பூமி கற்பித்த பாடம்

இனி, முகப்பினை மறந்ததனால் விளைந்ததனைக் கூறுவோம். ஆய்லரின் சமன்பாடுகளின்படி, பூமியின் சுழற்சி அச்சு அதன் உருவ அச்சோடு சிறிதே பொருந்தாதிருப்பின், அது ஏறத்தாழப் பத்து மாதத்திற்கொருமுறை சிறுவட்டம் இட்டு வருதல் வேண்டும். வானநூலார் பலர் அப்பத்து மாத அசைவைத் தேடினர்; காணவில்லை. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சாண்ட்லர் என்பார், பத்து மாதமென்னும் கட்டுப்பாட்டை விட்டு, அளவைகள் தாமே கூறுவதை நோக்கினார். அசைவு இருந்தது, ஆனால் அதன் காலம் ஏறத்தாழப் பதினான்கு மாதம். காரணம் யாதென வியந்தோருக்கு நியூகோம் என்னும் அறிஞர் விடை கூறினார். பூமி முற்றும் வளையாப் பொருளன்று; அதன் உடல் சிறிது நெகிழ்ந்து கொடுக்கின்றது; அதன்மேற் கடலும் அசைகின்றது. ஆதலின் காலம் நீண்டது. ஆய்லரின் கணக்குப் பிழையன்று. வளையும் பொருளை வளையாப் பொருளென்று கொண்டதே பிழை.

துணைக்கோள் கற்பித்த பாடம்

இப்பாடத்தை மக்கள் மீண்டும் ஒருமுறை கற்க நேர்ந்தது. அமெரிக்கர்தம் முதற் செயற்கைத் துணைக்கோளாகிய எக்ஸ்ப்ளோரர் 1958-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ஆம் நாள் வானிற் செலுத்தப்பெற்றது. அஃது இரண்டு மீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 14 கிலோகிராம் எடையும் உடைய மெல்லிய குழல். அதனை நீள அச்சைச் சுற்றி நிமிடத்திற்கு ஏறத்தாழ 750 முறை சுழலவிட்டனர். நீள அச்சு தயக்கம் மிகக் குறைந்த அச்சு. வளையாப் பொருளாயின் அச்சுழற்சி நிலைபெறும். ஆனால் அக்குழலின் பக்கங்களில், வானொலிச் செய்தி அனுப்புதற்கு நான்கு மெல்லிய கம்பிகள் நீட்டப்பெற்றிருந்தன. ஒரு சில மணி நேரத்திற்குள் அத்துணைக்கோள் நீளவாக்கிற் சுழல்வதை விட்டு, எறிந்த கோல் முனைக்கு முனை புரள்வதுபோலப் புரளலாயிற்று.

காரணம் யாதெனில் கூறுவோம். வெளியிலிருந்து தள்ளுவார் இல்லாதவிடத்துச் சுழலும் பொருளின் கோண உந்தம் மாறாது. ஆனால் அதன் சக்தி மாறாதென்னும் நியதியில்லை. கம்பிகள் வளைந்து வளைந்து நிமிருந்தோறும் சிறிது சக்தி வெப்பமாகிக் கழிந்தது. உந்தம் குறையாமற் சக்தி மட்டும் குறைதல் வேண்டின், பொருள் தயக்கம் மிக்க அச்சை நோக்கிச் சாய்வதன்றி வேறு வழியில்லை. ஏனெனில் அதே உந்தத்திற்கு அவ்வச்சிலேதான் சக்தி மிகக் குறைவு. ஆதலின் மெல்லிய குழல் குறுக்கே படுத்துப் புரண்டது. பிரேஸ்வெல் முதலிய அறிஞர் அதே ஆண்டில் இதனை விளக்கினர். அன்றியும் அத்துணைக்கோள் தன் பணியில் தவறவில்லை. பூமியைச் சூழ்ந்த கதிர்வளையங்களை வான் ஆலன் என்பார் கண்டறிதற்கு அதுவே துணையாயிற்று. சில பவுண்டு எடையுள்ள கம்பிகளும் தேவையில்லை. வளைவு என்னும் ஒரு குணம் இருந்தாற் போதும், சுழற்சியின் விதியே மாறிவிடும் என்று அன்று தெளிந்தனர்.

அதன்பின் துணைக்கோள்களின் உறுப்புக்கள் வரவர நீண்டன. 1962-ஆம் ஆண்டில் வானிற் செலுத்தப்பெற்ற, கனடா நாட்டாரின் அலூவெட் என்பதன் கம்பிகள் முனைக்கு முனை 45 மீட்டருக்கும் மிகுதியாக நீண்டிருந்தன. சூரிய வெப்பத்தால் அவை வளைந்தமையின், அதன் சுழற்சி எதிர்பார்த்ததினும் விரைவிற் குறைந்தது. பின்னர் வந்தவை சுழலாமல், ஒரு திசையையே நோக்கி நிற்பன. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் நீண்ட தகடுகளைச் சிறகுகள்போல் விரித்தன. அவற்றின் உள்ளே சிறு சக்கரங்கள் உண்டு. சக்கரம் ஒருபுறம் விரைந்தால் உடல் மறுபுறம் திரும்பும். விண்மீன்களை நோக்குங் கருவிகள் உடலின் நிலையை அறிவிக்கும். கணிப்பொறி சக்கரத்துக்குக் கட்டளையிடும்.

ஈண்டுத்தான் தொல்லை தோன்றுகின்றது. நீண்ட மூங்கிலைத் தோளிற் சுமந்து செல்பவன் சட்டென்று திரும்பினால், மூங்கிலின் முனைகள் பின்தங்கி, பின்னர் அப்பாலும் இப்பாலும் ஆடி அவனையே தள்ளாடச் செய்யும். துணைக்கோளும் அத்தகையதே. உடலைத் திருப்பினால் தகடுகள் ஆடும். தகடுகள் ஆடினால் உடல் ஆடும். அவ்வாட்டத்தைக் கருவி கண்டு அறிவிக்க, சக்கரம் அதனைத் திருத்த முயலும். திருத்தம் ஆட்டத்தின் தாளத்தோடு ஒத்துவிட்டால், ஊஞ்சலை வேளையறிந்து தள்ளுவதுபோல ஆட்டம் வளரும். காப்பதற்கு வைத்த காவலே கேட்டிற்குக் காரணமாகும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் பல. அவற்றுள் மூன்றினைக் கூறுவோம். தகடுகளின் அதிர்வெண்ணினும் மிக மெதுவாகவே திருத்தஞ் செய்தல் ஒன்று. அவ்வதிர்வெண்ணிற்குரிய அசைவை மட்டும் கட்டளையிலிருந்து வடித்து நீக்குதல் மற்றொன்று. மூன்றாவது மிகவும் நுட்பமானது. கொடுக்கவேண்டிய உந்துதலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முதலில் தந்து, தகடு அரை ஆட்டம் ஆடியபின் மறு பாதியைத் தந்தால், இரண்டாவது எழுப்பும் ஆட்டம் முதலாவது எழுப்பிய ஆட்டத்தை அழித்துவிடும். உடல் திரும்பும், தகடு அமைதியுறும். இம்மூன்றுக்கும் தகட்டின் அதிர்வெண்ணை முன்னரே அறிதல் வேண்டும். ஒருமுனை பதிந்து மறுமுனை தொங்கும் கோலைப் பற்றி 1744-இல் ஆய்லர் செய்த ஆராய்ச்சியே அவ்வறிவுக்கு அடிப்படை. உடல் திரும்புதற்கு 1758-இன் சமன்பாடு. சிறகு ஆடுதற்கு 1744-இன் சமன்பாடு. இரண்டினையும் ஒருங்கே எழுதி, ஒன்றன் உந்தம் மற்றொன்றனுக்குச் செல்வதைக் கணக்கிடுவதே துணைக்கோளை நிலைநிறுத்தும் கலையாகும்.

இக்கலை எளிதன்று என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியே சான்று. 1990-ஆம் ஆண்டு ஏப்ரலில் வானிற் செலுத்தப்பெற்ற அது, ஒரு பாகையின் ஐந்நூறாயிரத்தில் ஒரு பங்கினும் பிறழாது நோக்குதல் வேண்டுமென்று சமைக்கப்பெற்றது. அதன் தகடுகள் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுடையன. ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொருமுறை பூமியைச் சுற்றிவருகையில், அது பூமியின் நிழலினின்று வெயிலுக்கும் வெயிலினின்று நிழலுக்கும் செல்லுந்தோறும், தகடுகளைத் தாங்கிய கம்புகள் வெப்ப வேறுபாட்டால் வளைந்து துடித்தன; தொலைநோக்கி முழுதும் நடுங்கிற்று. முதலிற் கட்டளை முறையைத் திருத்தி நடுக்கத்தைக் குறைத்தனர். பின்னர் 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர் நேரிற் சென்று, வெப்பத்தைத் தடுக்கும் உறையுடைய புதிய தகடுகளைப் பொருத்தினர். நடுக்கம் பெரிதும் தணிந்தது.

முடிவுரை

ஆய்லரின் வாழ்க்கையினின்று நாம் கற்கத்தக்கன பல. விரும்பிய பதவி கிடையாவிடினும் உள்ளம் உடையாமை. அரசர் எள்ளினும் தம் பணியில் வழுவாமை. கண்போயினும் கருமத்தைக் கைவிடாமை ஆகியவற்றை எவரும் எளிதிற் காண்பர். ஆனால் விஞ்ஞானம் பயில்வோராகிய நம் மாணவர் சிறப்பாகக் கொள்ளத்தக்கது பிறிதொன்று. அவர் தம் விதியின் எல்லையை நூலின் பெயரிலேயே எழுதினார். நாமோ தேர்வுக்கெனச் சமன்பாட்டை மனப்பாடஞ் செய்து, அது எப்பொருளுக்குப் பொருந்தும் என்னும் சிறு வாக்கியத்தை விட்டுவிடுகின்றோம். அவ்வாக்கியத்தை விட்டவர் வானநூலாராயின் பத்து மாத அசைவை வீணே தேடுவர். பொறியியலாராயின் அவர் செலுத்திய துணைக்கோள் வானிற் புரளும். பிழை சமன்பாட்டினிடத்து இல்லை, வாசிப்பவரிடத்தே உள்ளது.

சமன்பாட்டோடு அதன் எல்லையையும் சேர்த்துக் கற்போமாக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க கைம்மாறாகும்.